இருபத்திரண்டாவது வரியும் நூற்றுப்பன்னிரண்டு ஹாலோ பிளாக்கும்

என் பணிக்காலத்தில் நூற்று எண்பத்தாறு சுவர்களை எரித்திருக்கிறேன். கதவுகள் நாற்பத்தொன்று, தூண்கள் இருபத்துமூன்று தனி. சுவர் எங்கே எரியும் என்று கேட்பார்கள். எரியாதுதான். ஒரு பக்கம் தீயை வைத்துவிட்டு மறுபக்கம் எத்தனையாவது நிமிடத்தில் கைவிடுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. முப்பத்துமூன்று வருடம் நான்கு மாதம் இதைத்தான் செய்தேன். நூற்று எண்பத்தைந்து சுவர்களைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை.

பரிசோதனைக்கூடத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கவிதா, அலுவலக இதழுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார். "மறக்க முடியாத டெஸ்ட் ஒண்ணு இருக்குமே சார், அதை எழுதுங்க" என்றார். எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

எங்கள் கூடம் ஒரு அட்டவணை வெளியிட்டு வருகிறது. செங்கல், கான்கிரீட், ஹாலோ பிளாக், மரம், இரும்பு எல்லாம் தீயில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்று அறுபத்துநான்கு வரிகள். பொறியாளர்கள் அதைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சுவர் போடுகிறார்கள். அதில் இருபத்திரண்டாவது வரி: கடற்கரை மணல் ஹாலோ பிளாக், ஆறு அங்குலச் சுவர், இரண்டு மணி நேரம். அந்த வரி பிறந்த இடம் மரக்காணம். என் ஊர். இன்னும் சரியாகச் சொன்னால், என் மச்சான் அந்தோணியின் பிளாக் பட்டறை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் பதினான்கு மாதம் எனக்குக் கொடுத்த வேலை பஞ்சு பிடிப்பது. தீ வைத்த சுவரின் மறுபக்கத்தில் விரிசல் விட்டால், அதன் எதிரே ஒரு கம்பிச் சட்டத்தில் பஞ்சைப் பிடித்து முப்பது வரை எண்ண வேண்டும். பஞ்சு பற்றிக்கொண்டால் சுவர் போயிற்று. பட்டப்படிப்பு முடித்தவனுக்கு இதுதானா என்று நினைத்தேன். பிறகு, முப்பது வரை ஒழுங்காக எண்ணுகிறவர்கள் உலகில் மிகக் குறைவு என்று தெரிந்துகொண்டேன். பெரும்பாலானவர்கள் இருபத்திரண்டிலேயே முப்பதுக்குத் தாவிவிடுகிறார்கள்.

எங்கள் தலைவர் வைத்தியநாதன் சார். அவருக்கு முன்னால் சுவர் 'பாஸ்' ஆயிற்று என்று யாரும் சொல்ல முடியாது. "சுவர் பரீட்சையா எழுதறது? நின்னது, நிக்கல. அவ்வளவுதான்" என்பார். புதுப் பென்சில் வந்தால் அதன் தலையில் இருக்கும் ரப்பரை பிளேடால் அறுத்துவிட்டுத்தான் எங்களிடம் தருவார். "தப்பா எழுதினா குறுக்கே ஒரு கோடு போடு. அழிச்சேன்னா தப்பு மட்டும் போகாது, தப்பு பண்ணினவனும் போயிடுவான்."

அளவு எடுக்கும் முறை இப்படி. ஒருவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். சார் எண்ணைச் சொல்லும்போது ரேஷன் கடையில் அட்டை எண்ணைக் கூப்பிடுவது போல இருக்கும். சொல்லிவிட்டு நம் வாயையே பார்ப்பார். நாம் திருப்பிச் சொல்லும்வரை கண் சிமிட்டமாட்டார். உலையின் வெப்பம் ஐந்தாவது நிமிடத்தில் ஐந்நூற்று எழுபத்தாறு, அரை மணியில் எண்ணூற்று நாற்பத்திரண்டு, ஒரு மணியில் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து, இரண்டு மணியில் ஆயிரத்து நாற்பத்தொன்பது டிகிரி என்று ஏற வேண்டும். அதற்கென்று வகுத்த கணக்கு அது. மறுபக்கத்தில் ஐந்து இடத்தில் வெப்பம் அறியும் கம்பி ஒட்டியிருக்கும். அந்தப் பக்கத்துச் சூடு சராசரியாக நூற்று நாற்பது டிகிரி கூடிவிட்டால் ஆட்டம் முடிந்தது.

கடற்கரை மணலில் செய்த பிளாக்கைச் சோதிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தபோது, நான்தான் முந்திக்கொண்டு எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"பட்டறைக்காரன் உனக்கு உறவா?" என்றார் சார்.

"என் மனைவியோட அண்ணன் சார்."

"அப்ப நீ எண்ணைச் சொல்லாதே. நான் சொல்றேன், நீ எழுது."

உறவுக்காரன் கண் பொய் சொல்லும் என்று அவர் ஏற்பாடு செய்துவிட்டார். நாக்கைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. யாரும் யோசித்திருக்கமாட்டார்கள்.

அந்தோணி லாரியில் நூற்றைம்பது பிளாக் அனுப்பினார். சுவருக்கு நூற்றுப்பன்னிரண்டு பிடித்தது. கட்டிய சுவரைச் சோதனைக்கு முன் காயவிட வேண்டும். ஈரச் சுவர் ஏமாற்றும். உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகித் தீரும்வரை மறுபக்கம் நூறு டிகிரியைத் தாண்டாது. சுவர் தாங்குகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், தாங்குவது தண்ணீர். ஆகவே கூடவே நான்கு பிளாக்கைத் தனியே வைத்துத் தினமும் எடை போடுவோம். அடுத்தடுத்த நாளில் எடை மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். நடைமுறைப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான்தான் எடை போட்டேன். ஒரு நாளைக்கு ஒரு தடவை என்று இருந்ததை மூன்று தடவை போட்டேன். முப்பத்தோராம் நாள் எடை அசையாமல் நின்றது. இன்னும் நான்கு நாள் பார்த்தேன். அசையவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

சோதனையன்று நாற்பத்திரண்டாம் நிமிடத்தில் மறுபக்கம் நூறு டிகிரியைத் தொட்டது. பிறகு அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"நூறு" என்றார் சார்.

"நூறு" என்றேன்.

ஐந்து நிமிடம் கழித்து, "நூத்தி ஒண்ணு."

"நூத்தி ஒண்ணு."

இப்படியே நாற்பத்தேழு நிமிடம் போயிற்று. அளவுகளுக்கு நடுவே நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வியர்த்திருந்தது. முத்து முத்தாகத் தண்ணீர் இறங்கி, அடியில் இருந்த இரும்புச் சட்டத்தில் சொட்டியது. சொட்டிய இடத்தில் வெள்ளையாகப் பூத்தது. விரலால் தொட்டேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை, விரலை வாயில் வைத்தேன்.

உப்பு கரிக்கும், அது எல்லாருக்கும் தெரியும். இது கரித்த பிறகு கசந்தது. அடிநாக்கில் போய் ஒட்டிக்கொள்ளும் கசப்பு. உப்பளத்தில் உப்பை வாரி எடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சிக் கிடக்குமே, எண்ணெய் போலக் கொழகொழவென்று ஒரு தண்ணீர், அதன் ருசி. மரக்காணத்தில் பிறந்தவன் எவனும் சிறு வயதில் பந்தயம் கட்டி ஒரு தடவையாவது அதைக் குடித்துத் துப்பியிருப்பான். அந்தத் தண்ணீர் பட்ட எதுவும் காயாது. வெயிலில் வைத்தாலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு அளவுக்கு இழுத்ததும் நின்றுவிடும். அப்போது எடை மாறாது.

அந்த நிமிடமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிளாக் காய்ந்ததால் எடை நிற்கவில்லை. குடித்து முடித்ததால் நின்றிருக்கிறது.

சுவர் நூற்றிருபத்துநான்கு நிமிடம் நின்றது. உலையை அணைத்த பிறகு சாரிடம் போனேன்.

"சார், மறுபக்கத்துல ஈரம் இருந்தது."

"எழுதினியா?"

"எழுதினேன் சார்."

"எடை?"

"நாலு நாளா மாறலை சார்."

"அப்ப காஞ்சதுதானே?"

அவர் என் வாயையே பார்த்தார். நான் திருப்பிச் சொல்லக் காத்திருந்தார். "காஞ்சதுதான் சார்" என்றேன். நாக்கால் அறிந்ததை எழுத அந்தப் படிவத்தில் பத்தி இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பத்தி இல்லை என்பது உண்மை. என் ஊர்க் கல் அட்டவணையில் ஏறப்போகிறது என்ற குஷியும் உண்மை. கொஞ்சம் உறுத்தியதால் எண்ணுக்கு மேல் ஒரு நட்சத்திரம் போட்டு, 'ஈரம் எடையைக் கொண்டு மட்டுமே பார்க்கப்பட்டது' என்று பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு வைத்தேன். இரண்டாம் பதிப்பில் பக்கம் நிரம்பிவிட்டதால் குறிப்பை எடுத்துவிட்டார்கள். நட்சத்திரம் மட்டும் தங்கிவிட்டது.

அட்டவணை வெளிவந்த பிறகு ஊருக்கு வந்தபோது அந்தோணியிடம் ஜாடையாகக் கேட்டேன்.

"தண்ணி எங்க எடுத்தே மச்சான்?"

"உப்பளத்துத் தண்ணிதான். அது ஊத்தினா சிமெண்ட் சீக்கிரம் இறுகும், மறுநாளே அச்சுலேர்ந்து எடுத்துடலாம். உன் டெஸ்டுன்னு ஸ்பெஷலா ரெண்டு குடம் சேத்தே ஊத்தினேன் மாப்ள!"

பட்டறை ஆபீஸ் அறையில், இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்திலேயே அட்டவணையின் அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். இருபத்திரண்டாவது வரிக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. ஆபீஸ் அறையைக் கட்டியதே எனக்கு அனுப்பியது போக மிஞ்சிய பிளாக்கில்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு ஓய்வு பெறும்வரை வேறு சுவர்கள் ஏராளம் வந்தன.

ஓய்வுக்குப் பின் ஊரோடு வந்துவிட்டேன். எண்ணத் தெரிந்தவன் என்பதால் எங்கள் பங்குக் கோவிலின் கட்டடக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். பெண்கள் விடுதி கட்டுகிறோம். வெளியூரிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளுக்கு முப்பத்தாறு கட்டில். சமையல்கட்டுக்கும் கட்டில் அறைக்கும் நடுவே ஒரே சுவர். கட்டில் அறைக்கு ஒரே கதவு. கட்டுவது அந்தோணியின் மகன் பிரபு. பொறியியல் படித்தவன், இப்போது பட்டறையும் அவன் கையில்தான். வரைபடத்தை விரித்தபோது அந்த நடுச்சுவரில் விரலை வைத்தேன்.

"இது எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ஆறு இஞ்ச் ஹாலோ பிளாக் மாமா. ரெண்டு மணி நேரம்." கைபேசியை நீட்டினான். "கவர்மெண்ட் டேபிள். இருபத்திரெண்டாவது லைன். ஸ்டார் வேற போட்டிருக்காங்க பாருங்க."

"ஸ்டார் எதுக்குன்னு தெரியுமா?"

"ஸ்பெஷல் குவாலிட்டின்னு இருக்கும்."

"அதைப் போட்டது நான்தான்டா."

"அப்புறம் என்ன மாமா? உங்க டேபிளை நீங்களே நம்பலன்னா எப்படி?"

பங்குத்தந்தை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து வெளியே போனேன். மனையில் அடுக்கியிருந்த பிளாக்கில் ஒன்றை எடுத்து, துடைத்து, எல்லார் முன்னிலும் நக்கினேன். இன்னொன்று. இன்னொன்று. ஏழு பிளாக் நக்கினேன்.

"ஏம்பா பிரபு, பெரியவருக்குக் காபி ஏதும் குடுக்கலியா?" என்றார் குழுவில் ஒருவர்.

"என்ன ருசி சார்?" என்றார் ஃபாதர்.

"ஒண்ணும் இல்லை ஃபாதர். மண்ணு ருசிதான்."

"போர் தண்ணி மாமா!" பிரபுவுக்குப் பெருமை. "அப்பா காலத்து மாதிரி அளத்துத் தண்ணியெல்லாம் இப்ப ஊத்தறதில்ல. டெஸ்ட் ரிப்போர்ட் இருக்குது."

"அப்ப நல்ல கல்லுதானே?" என்றார் ஃபாதர்.

"நல்ல கல்லு ஃபாதர். அதனாலதான் ரெண்டு மணி நேரம் நிக்காது."

இதற்கு மேல் மறைக்க வழியில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கப் பதினோரு நிமிடம் ஆயிற்று.

"இதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில வந்து சொல்லியிருந்தா நான் வெளியே சொல்ல முடியாது. நல்லவேளை, ரோட்டுல சொல்லிட்டீங்க" என்றார் ஃபாதர். பிறகு, "ஆனா ஒரு பக்கம் அச்சடிச்ச காகிதம் இருக்குது, ஒரு பக்கம் உங்க நாக்கு இருக்குது. நான் எதைக் கேக்கறது? திங்கட்கிழமை கொத்தனார் வர்றார்" என்றார்.

"மாமா, வேணும்னா பழையபடி அளத்துத் தண்ணியே ஊத்திடட்டுமா?" என்றான் பிரபு.

"ஊத்து. பத்து வருஷத்துல கம்பி துருப்பிடிச்சுக் கூரை வந்து விழும். அப்புறம் தீ பத்திக் கவலையே இல்ல."

அன்று புதன்கிழமை. கூடத்துக்குப் போன் செய்தேன். அட்டவணையின் புதுப் பதிப்பு அப்போதுதான் தயாராகிக்கொண்டிருந்தது. கவிதா பொறுமையாகக் கேட்டார். பழைய லாக் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லிப் புரட்டினார்.

"எடை மாறலைன்னு நாலு நாள் ரீடிங் இருக்கு சார். உங்க கையெழுத்து. ஒரு நாளைக்கு மூணு தடவை போட்டிருக்கீங்க. இதைவிட யாரும் சுத்தமா செஞ்சிருக்க முடியாது."

"சுத்தமாத்தாம்மா செஞ்சேன். அதுதான் பிரச்சினை."

"அந்தக் கல்லு ஒண்ணு கிடைச்சா நூத்தி அஞ்சு டிகிரியில காய வெச்சு எடை பாக்கலாம் சார். எடை குறைஞ்சா இந்த வரியை நிறுத்தி வெச்சுடறேன். உங்க நாக்கை நான் ஃபைல்ல சேக்க முடியாது."

அந்தக் கல் உலகில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அந்தோணியின் ஆபீஸ் சுவரில்.

வீட்டில் என் மனைவி ஸ்டெல்லா சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பிரபு முன்கூட்டியே போன் செய்திருந்தான்.

"எங்க அண்ணன் வாழ்க்கையில நாலு பேர்கிட்ட காட்டறதுக்கு இருக்கறது அந்த ஒரு காகிதம்தான். அதையும் நீங்களேதான் குடுத்தீங்க, நீங்களே போய்ப் புடுங்கப் போறீங்க."

"முப்பத்தாறு கட்டில் ஸ்டெல்லா."

"எனக்கும் எண்ணத் தெரியும்" என்றாள். சோற்றில் மோரை ஊற்றிவிட்டு, "தனியாப் போகாதீங்க, நானும் வர்றேன். அடிச்சாலும் அடிப்பாரு" என்றாள்.

அந்தோணிக்கு இப்போது எண்பத்தொன்று. காது மந்தம், கோபம் மந்தமில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"மார்க் போட்டவன் நீ. முப்பது வருஷம் கழிச்சு வந்து பேப்பரைத் திருத்தறவனும் நீ. நடுவுல என் சுவரை எதுக்குய்யா இடிக்கறே?"

"ஒரு கல்லு மட்டும்தான் மச்சான்."

"ஒரு கல்லு குடுத்தா உன் வரி போயிடும். உன் வரி போனா என் பேரு போயிடும். இந்தப் பக்கம் பெருமுக்கல்லுலேர்ந்து அந்தப் பக்கம் கிளியனூர் வரைக்கும் வந்து பாத்துட்டுப் போனான்யா இந்தக் காகிதத்தை!" என்று எழுந்து, எங்களுக்குக் காட்டுவதற்காகவே சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றினார்.

பின்பக்க அட்டை ஊறிப்போய் அவர் கையோடு வந்தது. காகிதம் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. சிவப்புக் கோடு இரண்டும் கரைந்து கீழ்நோக்கி ஓடி, இருபத்திரண்டாவது வரியிலிருந்து முப்பதாவது வரிவரை எல்லாம் ரோஸ் நிறம். சட்டம் இருந்த இடத்தில் சுவர் பளபளவென்று ஈரமாக இருந்தது. அந்தோணி உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார்.

"ஒம்பது தடவ பெயிண்ட் அடிச்சேன் இந்தச் சுவருக்கு" என்றார். "ஒரு தடவகூட நிக்கல. பெயிண்ட் கடைக்காரனை அவங்க அம்மா வரைக்கும் இழுத்துத் திட்டினேன். கடல் காத்துன்றான். ஏன்டா, கடல் காத்து எனக்கு மட்டுமா அடிக்குது?"

"அளத்துத் தண்ணி மச்சான். ரெண்டு குடம் ஸ்பெஷல்."

அவர் என்னை ஒரு நிமிடம் முறைத்தார். எண்ணினேன், முழு நிமிடம். பிறகு உள்ளே போய் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தார். எண்பத்தொரு வயதில் முதல் அடியை அவரே அடித்தார். பெயருக்காக இல்லை, அந்த ஒன்பது பெயிண்டுக்காக என்றுதான் நினைக்கிறேன்.

பரிசோதனை அடுப்பு மரக்காணத்தில் இல்லை. பேக்கரி அடுப்புதான் இருந்தது. என் சொந்த வெப்பமானியோடு போனேன். "என்ன சார், கேக் ரொம்ப இறுகிடுச்சா?" என்றார் பேக்கரிக்காரர். நூற்றைந்து டிகிரியில் இருபத்துநான்கு மணி நேரம் வைத்தோம். உள்ளே போகும்போது பதினான்கு கிலோ முந்நூற்றைம்பது கிராம். வெளியே வரும்போது பதின்மூன்று கிலோ முந்நூற்றுப் பத்து. ஒரு கல்லில் ஒரு கிலோ நாற்பது கிராம் தண்ணீர். நூற்றுப்பன்னிரண்டால் பெருக்கினால் நூற்றுப்பதினாறு கிலோவுக்கும் மேல். அன்று உலைக்கு எதிரே நான் ஒரு சுவரை நிறுத்தியிருக்கவில்லை. நூற்றுப்பதினாறு லிட்டர் தண்ணீரை நிறுத்தி வைத்து, நெருப்பு ஏன் தாண்டவில்லை என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

எடைச் சீட்டைப் படம் எடுத்துக் கவிதாவுக்கு அனுப்பினேன். நாக்கைப் பற்றியும் ஒரு பத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுசோதனை நடக்கும்வரை இருபத்திரண்டாவது வரியை நிறுத்தி வைத்துவிட்டதாகச் சனிக்கிழமை பதில் வந்தது. அதை ஃபாதரிடம் காட்டினேன். திங்கட்கிழமை கொத்தனார் வந்தபோது வரைபடத்தில் நடுச்சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவராக மாறியிருந்தது, கூடுதலாக ஒரு கதவும் வந்திருந்தது. பிரபு என்னோடு பதினேழு நாள் பேசவில்லை. பதினெட்டாம் நாள் வந்து, செங்கல் சுவர் எந்த வரியில் இருக்கிறது, அதைச் சோதித்தது யார் என்று கேட்டான். நான் இல்லை என்றதும் நிம்மதியாகப் போனான்.

இதுவரை எத்தனை ஊரில் எத்தனை பேர் அந்த வரியை நம்பிச் சுவர் எழுப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான், எண்ண முடியாதது. அதற்காகத்தான் கவிதா கேட்டதும் இதை எழுத ஒப்புக்கொண்டேன். அந்த வரியைப் பார்த்துக் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், புதுப் பதிப்பைப் பார்த்து, வேண்டியதைச் செய்துகொள்ளட்டும்.

காயவைத்த கல்லை அந்தோணி திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "நீயே வெச்சுக்க. இத்தனை வருஷமா காயாத கல்லு, ஊர்ல வேற எவன்கிட்ட இருக்குது?" என்றார். வீட்டு வராந்தாவில் தராசின்மேலேயே வைத்திருக்கிறேன். தினமும் காலை ஆறு மணிக்கு எடை பார்க்கிறேன். நான் சொல்ல, ஸ்டெல்லா திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுகிறாள். முதல் வாரம் நானூறு கிராம் ஏறியது. இரண்டாம் வாரம் முந்நூறு. பிறகு மெதுவாக. முப்பத்தெட்டாம் நாள் பதினான்கு கிலோ முந்நூற்றைம்பதைத் தொட்டது. நேற்றும் அதே எடை. இன்றும் அதே எடை.

நடைமுறைப்படி, கல் காய்ந்துவிட்டது.